பழைய .22 சைலன்சரைக் கழற்றிச் சுத்தம் செய்து திரும்பப் பூட்டுவது: வினிகர் ஊற்றலாமா?

2026 பிப்ரவரி 7, காலை 9.40 (வாசகர் கேள்வி)

டெக்சாஸில் இருக்கிறேன். 1990களில் செய்யப்பட்ட ஒரு .22 துப்பாக்கி சைலன்சர், படிவம் 4 (சைலன்சரைப் பெயர் மாற்றிப் பதிவு செய்யும் கூட்டாட்சி விண்ணப்பம்) முடிந்து சென்ற மாதம் என் பெயருக்கு மாறியது. முந்தைய உரிமையாளர் அதை ஒருமுறைகூடக் கழற்றியதில்லை என்கிறார். முன்மூடி கழன்றுவிட்டது, உள்ளே இருக்கும் பேஃபிள்கள் (வாயுவைத் தடுத்து ஒலியைக் குறைக்கும், நடுவில் துளையுள்ள கூம்புத் தகடுகள்) அசைய மறுக்கின்றன. வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சம அளவில் கலந்து ஊற்றி இரவு முழுக்க வைத்தால் ஈயமெல்லாம் கரைந்துவிடும் என்று சுடுதளத்தில் ஒருவர் சொன்னார். செய்யலாமா?

2026 பிப்ரவரி 7, மாலை 6.15

ஊற்ற வேண்டாம். உங்கள் சைலன்சர் என்ன உலோகம் என்று தெரியாமல் எந்தத் திரவத்தையும் அதில் ஊற்றக் கூடாது.

அந்தக் காலத்து .22 சைலன்சர்களில் பலவற்றுக்குக் குழாயும் அலுமினியம், உள்ளே அடுக்கியிருக்கும் பேஃபிள்களும் அலுமினியம். சிலவற்றில் வெடிப்பின் முதல் அடியைத் தாங்கும் பின்பக்க பேஃபிள் மட்டும் எஃகாக இருக்கும். நீங்கள் சொல்லும் கலவை ஈயத்தைக் கரைக்கும் என்பது உண்மை. அதே கலவை அலுமினியத்தையும் அரிக்கும் என்பதைச் சுடுதளத்து நண்பர் சொல்லாமல் விட்டுவிட்டார். காலையில் எடுத்துப் பார்க்கும்போது ஈயம் போயிருக்கும், பேஃபிளின் மெல்லிய விளிம்பும் சேர்ந்து போயிருக்கும்.

முதலில் ஒரு காந்தத்தை எடுத்து முன்பக்கம் தெரியும் பேஃபிளிலும் பின்பக்கத் திருகு மரை இருக்கும் பகுதியிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் எஃகு. ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ டைட்டானியமாகவோ காந்தம் பிடிக்காத வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், ஸ்டீல் ஏறக்குறைய 8 கிராம் என்பதால், கையில் தூக்கிப் பார்த்தாலே ஓரளவு பிடிபடும். தயாரித்த நிறுவனம் இன்னும் இயங்கினால் வரிசை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லும்வரை காத்திருப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

அந்தக் கலவையில் மிஞ்சும் திரவம் வேறொரு பெரிய விஷயம். அதைத் தனியாக எழுதுகிறேன்.

2026 பிப்ரவரி 8, காலை 10.05

பேஃபிள் அடுக்கை வெளியே எடுப்பது பற்றி.

சைலன்சர் துப்பாக்கியிலிருந்து கழற்றப்பட்டு மேசைமேல் தனியாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே செய்வீர்கள் என்று நம்புகிறேன். குழாயை வைஸில் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் மேசைக் கருவி) நேரடியாகப் பிடிக்காதீர்கள். இந்தக் குழாயின் சுவர் மெல்லியது. வைஸின் தாடைகள் அதைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நசுக்கினாலே போதும், வட்டம் முட்டையாகிவிடும், பிறகு பேஃபிள்கள் வெளியேயும் வராது, திரும்ப உள்ளேயும் போகாது. வரிசை எண் பொறித்திருப்பதும் அந்தக் குழாயில்தான் என்பதால், சட்டத்தின் கண்ணில் உங்கள் சைலன்சர் என்பது பெரும்பாலும் அந்தக் குழாயே. மூடியைத் திருக வேண்டியிருந்தால் ரப்பர் பட்டை கொண்ட ஸ்பேனரைப் பயன்படுத்துங்கள்.

.22 குண்டுகளின் வெளிப்பக்கத்தில் மெழுகு போன்ற உயவுப்பொருள் பூசப்பட்டிருக்கும். சுடும்போது அந்த மெழுகு, எரியாத வெடிமருந்துத் துகள், புகைக்கரி, ஈயத்தூள் எல்லாம் கலந்து பேஃபிளுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள நூலிழை இடைவெளியில் போய் அமர்ந்து இறுகிவிடுகிறது. உங்கள் பேஃபிள்கள் துருவால் பிடித்திருக்கவில்லை, இந்தக் கலவையால்தான் பிடித்திருக்கின்றன என்பது என் கணிப்பு. ஆகவே முதலில் ஊடுருவும் எண்ணெயை இரு முனைகளிலிருந்தும் விட்டு, குழாயை நிமிர்த்தி ஒரு நாள், கவிழ்த்து ஒரு நாள் வையுங்கள். அதன்பின் வெந்நீரில் குழாயைச் சற்று நேரம் சூடாக்கினால் மெழுகு இளகும். அடுப்பில் காட்டவோ பற்றவைக்கும் டார்ச்சால் சுடவோ வேண்டாம். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு வெகுமுன்பே அலுமினியத்தின் உறுதி குறையத் தொடங்கிவிடும்.

பிறகு தள்ளுவது. குழாயின் உள்விட்டத்தைவிடச் சற்றே குறைந்த விட்டமுள்ள மரக்கட்டை வேண்டும். கட்டையின் முனை பேஃபிளின் வெளி வளையத்தில் மட்டும் படும்படி நடுவில் குடைந்துகொள்ளுங்கள். கூம்பின் நுனியில் கட்டை பட்டால் குண்டு போகும் துளையின் வாய் மடங்கும். எந்தப் பக்கமாகத் தள்ள வேண்டும் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும். குழாயின் ஒரு முனையில் உட்புறம் படிக்கட்டு வைத்திருந்தால் அந்தப் பக்கமாக எதுவும் வராது என்பதை டார்ச் அடித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கட்டையின்மேல் ரப்பர் சுத்தியால் சிறு சிறு தட்டு. அசையவில்லை என்றால் மறுபடி எண்ணெய்; பெரிய சுத்தியைத் தேடிப் போகாதீர்கள்.

அசைந்துவிட்டது என்பதற்கு அடையாளம், தட்டும்போது எழும் ஒலி மாறுவது. அதுவரை திண்ணென்று கேட்ட ஒலி ஒரு தட்டில் மந்தமாகும். அங்கிருந்து கையாலேயே தள்ளலாம்.

2026 பிப்ரவரி 8, இரவு 9.30

மேலே விட்டுப்போன ஒன்று. அடுக்கு வெளியே வந்தவுடன், துடைப்பதற்கு முன்பே, படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு பேஃபிளும் எத்தனையாவது, எந்த முகம் துப்பாக்கியைப் பார்த்தது, பக்கத்துளை இருந்தால் அது எந்தத் திசையில் இருந்தது என்று மார்க்கர் பேனாவால் வெளி விளிம்பில் எண்ணிட்டு, அந்த எண்களும் தெரியும்படி இன்னொரு படம் எடுங்கள். மார்க்கர் மை கரைப்பானில் அழிந்துவிடும் என்பதால் படம் கட்டாயம் வேண்டும். அக்காலத்தில் புழங்கிய கே வகை பேஃபிள்களில் பக்கத்துளைகள் காரணத்தோடுதான் வைக்கப்பட்டிருக்கும். வாயு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கின்றன.

2026 பிப்ரவரி 11, இரவு 8.20

“ஈயம் கரைந்து தண்ணீரோடு போனால் நல்லதுதானே, இதில் என்ன ஆபத்து?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இழையில் நான் எழுதும் வேறெதைவிடவும் இது முக்கியம்.

உலோகமாக இருக்கும் ஈயத்துண்டைத் தெரியாமல் தொட்டுவிட்டால், கையைச் சோப்பால் கழுவிவிடலாம். ஆனால் அந்தக் கலவையில் பெராக்சைடு ஈயத்தை ஆக்சைடாக்குகிறது. வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலம் அந்த ஆக்சைடைக் கரைத்து ஈய அசிடேட்டாக மாற்றுகிறது. ஈய அசிடேட் தண்ணீரில் நன்றாகக் கரையும், பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும், சுவையில் இனிக்கும். ஒரு காலத்தில் தலைமுடிச் சாயத்தில் இதைச் சேர்த்தார்கள்; அந்த அனுமதியையே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018இல் விலக்கிக்கொண்டது. அப்படிப்பட்ட ஒன்றைச் சமையலறை மேடையில், மூடியில்லாத கண்ணாடிப் பாட்டிலில், குழந்தைகள் நடமாடும் வீட்டில் இரவு முழுக்க வைக்கச் சொல்கிறார்கள். மறுநாள் அது சாக்கடையிலோ தோட்டத்து மண்ணிலோ போய்ச் சேருகிறது.

குழந்தைகளின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் அளவைக் குறைத்தது. ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம். நன்றாகப் பயன்படுத்திய .22 சைலன்சரில் சேரும் ஈயத்தைச் சமையல் தராசிலேயே நிறுக்க முடியும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, இந்தக் கலவையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வராது, பேஃபிள்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தாலும்கூட.

ஈயம் தோட்டாவிலிருந்து இரு வழிகளில் வருகிறது. குண்டு வெறும் ஈயம், அல்லது மெல்லிய செம்புப் பூச்சு போட்ட ஈயம். அதைத் தவிர தோட்டாவின் அடி விளிம்பிலுள்ள தீமூட்டும் கலவையிலும் பொதுவாக ஈயச் சேர்மம் உண்டு. ஆகவே கறுப்பாகத் தெரியும் புகைக்கரியிலும் ஈயம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, திறந்தவெளி அல்லது கதவு திறந்த கராஜ், அடியில் விரிக்கப் பழைய செய்தித்தாள். உலர்ந்த கரியை ஊதவோ உலர்நிலையில் சுரண்டவோ வேண்டாம், எண்ணெயில் நனைத்த பிறகே சுரண்டுங்கள், தூள் பறக்காது. முடிந்ததும் கைகளைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அணிந்திருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். கரி படிந்த துணி, தாள், சேறு எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, உங்கள் ஊராட்சி வீட்டு அபாயக் கழிவுகளை வாங்கும் இடத்தில் கொடுங்கள்.

2026 பிப்ரவரி 14, காலை 11.00

கேள்வி கேட்டவர் அடுக்கை வெளியே எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. அலுமினியம்தான், பின்பக்க பேஃபிள் மட்டும் காந்தம் பிடிக்கிறது என்கிறார். பேஃபிள்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட எவர்சில்வர் டம்ளர்களைப் போலப் பிரிய மறுக்கின்றனவாம். இழுக்காதீர்கள், திருகிப் பிரியுங்கள்; எண்ணெய் விட்டு, இரு கையாலும் எதிரெதிர்த் திசையில் மெல்லத் திருகினால் அந்த மெழுகுப் பிடிப்பு விடும்.

இனிச் சுத்தம் செய்வது. அலுமினியத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடும் தூள் காரத்தன்மை உள்ளது. அதில் போட்டால் அனோடைஸ் பூச்சு வெளுத்து உரியும், உணவுப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் ஈயத்தைக் கொண்டுபோவதும் தவறு. அல்ட்ராசோனிக் தொட்டி உண்டென்றால் அலுமினியத்துக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட திரவத்தை மட்டும் ஊற்றி, சிறு சிறு இடைவெளிகளில் எடுத்துப் பார்த்துச் செய்யுங்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது துப்பாக்கிக்கான சாதாரணக் கரைப்பானில் ஓர் இரவு ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷும் பிளாஸ்டிக் அல்லது மூங்கில் குச்சியும் கொண்டு எடுப்பது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேஃபிள்களை எஃகு ஊசிகளோடு சுழலும் டிரம்மில் போடலாம். மெல்லிய அலுமினியத்துக்கு அது வேண்டாம்.

இந்த இடத்தில் என் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும், பலர் இதை ஏற்கமாட்டார்கள். பேஃபிளின் கூம்பு பளபளக்க வேண்டிய அவசியமே இல்லை. கூம்பின் சரிவில் மெல்லிய கரிப்படலம் இருந்தால் ஒலி குறையும் அளவில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒரு பேஃபிள் அடுத்த பேஃபிளின்மேல் உட்காரும் அந்த வளைய முகம், சில இடங்களில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது, அதில் ஒரு துளி ஈயம் ஒட்டியிருந்தாலும் பேஃபிள் சாய்ந்து உட்காரும். அதற்குமேல் அடுக்கும் ஒவ்வொன்றும் அந்தச் சாய்வைச் சுமந்துகொண்டு போகும். நீங்கள் கூம்பைத் தேய்த்துக் கண்ணாடியாக்கி, முகத்தில் ஒரு செதிலை விட்டுவைத்தால், செய்த வேலை அத்தனையும் வீண்.

ஆகவே உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை அந்த முகங்களுக்கும் மரைகளுக்கும் கொடுங்கள். விரல் நகத்தை முகத்தின் வட்டம் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். கண் பார்க்காததை நகம் கண்டுபிடிக்கும். தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் பேஃபிளைக் கவிழ்த்து வைத்து ஒரு விளிம்பை அழுத்துங்கள். ஆடினால் எங்கோ செதில் இருக்கிறது. கூம்பில் கட்டியாகத் திரண்ட ஈயத்தை மட்டும் எடுத்துவிட்டு மீதியை விடுங்கள்.

2026 பிப்ரவரி 15, மதியம் 2.45

“இந்தக் கஷ்டமெல்லாம் எதற்கு, என் ரைஃபிள் சைலன்சரை நான் ஒருநாளும் கழற்றியதில்லை” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது அவருடைய சைலன்சருக்குச் சரி. .308 போன்ற பெரிய ரைஃபிள் தோட்டாக்களின் குண்டு செம்பு உறையிட்டது, வாயுவின் அழுத்தமும் வெப்பமும் மிக அதிகம். படியும் கரியில் பெரும்பகுதியை அடுத்த வெடிப்பே அடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் அந்தச் சைலன்சர்களை வெல்டிங் செய்து மூடிவிடுகிறார்கள். .22இல் அழுத்தமும் குறைவு, குண்டும் மெழுகு பூசிய ஈயம். அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளாது. இன்று விற்கும் .22 சைலன்சர்கள் பெரும்பாலும் பிரித்தெடுக்கும்படி செய்யப்படுவதற்கு இதுவே காரணம்.

இன்னும் பழையதற்குப் போனால் கதை வேறு. ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் காப்புரிமை பெற்று ஹார்ட்ஃபோர்டில் தயாரித்து விற்ற சைலன்சர்கள், பயன்படுத்துபவர் திறக்க வேண்டும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை அல்ல. அவருடைய 1910 மாதிரியில் குண்டு போகும் துளை நடுவில் இருக்காது; உருளையின் உடல் துப்பாக்கியின் குறிபார்க்கும் முள்ளை மறைக்காதபடி துளையை மேல்பக்கம் தள்ளி வைத்தார்கள். ஆகவே அது எந்தப் பக்கம் மேலாகப் பூட்டப்படுகிறது என்பதே முக்கியம். உரிய பதிவுடன் அப்படியொன்று யாரிடமாவது இருந்தால், அதைத் திறக்க எதையும் அறுக்காதீர்கள். மெல்லிய எண்ணெய் விட்டு வடித்து, உலர்த்தி, மரையைத் துடைத்து, அப்படியே வையுங்கள். சுடுவதற்கு வேறு சைலன்சர்கள் இருக்கின்றன.

திறக்க முடியாத .22 சைலன்சர் வைத்திருப்பவர்கள், உள்ளே எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைத் தராசில்தான் அறிய முடியும். புதிதாக இருந்தபோது எவ்வளவு எடை என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். இன்றைய எடையிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது கரியும் ஈயமும்.

2026 பிப்ரவரி 21, காலை 9.15

திரும்பப் பூட்டுவது. இந்தப் பதிவை அவசரமில்லாமல் படியுங்கள். அழுக்கான சைலன்சர் கொஞ்சம் சத்தமாகச் சுடும், அவ்வளவுதான். தவறாகப் பூட்டிய சைலன்சரில் குண்டு பேஃபிளில் உரசும், ஒன்று அடுத்ததைக் கிழிக்கும், முன்மூடி பறக்கலாம்.

முதலில் குழாயின் உட்சுவர். எண்ணெயில் நனைத்த துணியை மரக்குச்சியில் சுற்றி முன்னும் பின்னும் ஓட்டி, துணி கறுக்காமல் வரும்வரை செய்யுங்கள். உள்மரைகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, விளக்கைச் சாய்வாகக் காட்டிப் பாருங்கள். மரையின் பள்ளத்தில் ஈயம் இருந்தால் சாம்பல் கோடாக மின்னும்.

அடுத்து, பேஃபிள்களைக் குழாய்க்குள் போடுவதற்கு முன்பு மேசைமேலேயே நெட்டுக்குத்தாக அடுக்கிப் பாருங்கள். எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வெடிப்பை முதலில் வாங்கும் எஃகு பேஃபிள் துப்பாக்கிப் பக்கம் இருக்க வேண்டும். அதை முன்பக்கம் போட்டுவிட்டு அலுமினியத்தைப் பின்பக்கம் வைத்தால் எல்லாம் பொருந்தியது போலவே தோன்றும், ஆனால் மென்மையான பேஃபிள் முழு அடியையும் வாங்கி நாளடைவில் அரிக்கப்படும். அடுக்கியதை மேலிருந்து பார்த்தால் துளைகளெல்லாம் ஒரே வட்டமாகத் தெரிய வேண்டும். பிறை வடிவில் ஏதாவது துருத்தினால் அந்த இடத்தில் பிரித்து முகத்தை மறுபடி பாருங்கள்.

வெளி விளிம்புகளில் சிலிக்கோன் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவுங்கள். அடுத்த முறை கழற்றும்போது கரி உலோகத்தோடு ஒட்டாமல் விட்டுக்கொடுக்கும். உட்காரும் முகங்களில் எதுவும் தடவ வேண்டாம். அவை உலர்ந்திருக்கட்டும். மரைகளில் உயர்வெப்பம் தாங்கும் ஆன்ட்டி சீஸ் பசையை (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுப்பது) நூலளவு வைக்கலாம்.

குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, அடுக்கை ஒவ்வொன்றாக, தன் எடையிலேயே இறங்கும்படி விடுங்கள். ஒன்று பாதியில் நின்றால் அது சாய்ந்திருக்கிறது என்று பொருள். மேலிருந்து அழுத்தாதீர்கள், குழாயைக் கவிழ்த்து எடுத்து மறுபடி விடுங்கள். சரியாக இறங்கும் பேஃபிள் அடுத்ததன்மேல் அமரும்போது சிறிய, தெளிவான ‘டக்’ ஒலி கேட்கும். மூடியைக் கையால் திருகிக்கொண்டே வாருங்கள். மரை முடிவதற்குக் கொஞ்சம் முன்பே மூடி அடுக்கைத் தொட்டு இறுக்கத் தொடங்க வேண்டும், அதுதான் அடுக்கை அசையாமல் பிடித்திருக்கும் அழுத்தம். மூடி முழுவதும் இறங்கிய பிறகும் குலுக்கினால் உள்ளே சலசலத்தால், ஒரு துண்டு விடுபட்டிருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. அந்த நிலையில் சுடவே கூடாது.

2026 பிப்ரவரி 22, காலை 7.50

நேற்றுச் சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது: துப்பாக்கிக் குழலில் பூட்டும்போது சைலன்சரை நேராக நிறுத்துவது மரை அல்ல, குழலில் மரைக்குப் பின்னால் படி போல இருக்கும் தோள். அரை அங்குல மரை கொஞ்சம் தளர்வாகத்தான் இருக்கும். தோளின் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கரி ஒட்டியிருக்கிறது என்று வையுங்கள். தோளின் விட்டம் 14 மில்லிமீட்டர், சைலன்சர் 140 மில்லிமீட்டர் நீளம் என்றால், மறுமுனை ஒரு முழு மில்லிமீட்டர் விலகி நிற்கும். .22 குண்டின் விட்டமே 5.7 மில்லிமீட்டர்தான். எனவே தோளையும் அதைத் தொடும் சைலன்சரின் பின்முகத்தையும் ஒவ்வொரு முறையும் துடையுங்கள்.

பூட்டிய பின், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று மறுபடி உறுதி செய்து, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) முழுவதும் வெளியே எடுத்துவிட்டு, பின்பக்கத்திலிருந்து வெளிச்சத்தை நோக்கிப் பாருங்கள். குழலின் வட்டத்தைச் சுற்றிலும் சைலன்சர் உள்ளே நீட்டிக்கொண்டு வரக் கூடாது. கண்ணை நம்புவதைவிட, குழலின் அளவுக்கென்றே துல்லியமாகத் தேய்த்து விற்கும் எஃகுக் கோலை உள்ளே விட்டுப் பார்ப்பது நல்லது. முன்மூடியின் துளையில் கோல் நடுவில் நிற்கிறதா, ஓரம் தொடுகிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். போல்ட்டை எடுக்க முடியாத துப்பாக்கிகளுக்கு இந்தக் கோல்தான் வழி.

2026 மார்ச் 1, மாலை 5.30

இரண்டு கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில்.

ஒரு பேஃபிளின் துளை ஓரத்தில் சிறு வெட்டு இருக்கிறது, அரம் போட்டுச் சரிசெய்யலாமா என்கிறார் இழையைத் தொடங்கியவர். வேண்டாம். அந்த வெட்டு, எப்போதோ ஒரு குண்டு உரசியதன் அடையாளம். பழைய உரிமையாளர் தோளைத் துடைக்காமல் பூட்டியிருக்கலாம். இப்போது கோல் நடுவில் நிற்கிறது என்கிறீர்கள், அது நல்ல செய்தி. ஆனாலும் சுடுவதற்கு முன் அந்த பேஃபிளை உரிமம் பெற்ற தயாரிப்பாளர் ஒருவர் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துளையை நீங்களே பெரிதாக்கினால் வாயு நேராகக் கடந்துபோகும், மற்ற பேஃபிள்களோடு ஒரே நேர்கோட்டில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

அடுத்தது, “ஜனவரி 1 முதல் 200 டாலர் வரி பூஜ்ஜியமாகிவிட்டதே, உதிரி பேஃபிள் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?” என்ற கேள்வி. சைலன்சர் செய்வதற்கும் கைமாற்றுவதற்கும் 1934ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த அந்த வரி இவ்வருடத் தொடக்கத்தில் போனது உண்மை. பதிவு போகவில்லை. கூட்டாட்சிச் சட்டத்தின் வரையறையில், சைலன்சருக்காக மட்டுமே செய்யப்பட்ட ஒரு பாகமும் சைலன்சர்தான். உங்கள் மேசை டிராயரில் இருக்கும் ஒரே ஓர் உதிரி பேஃபிள், பதிவில்லாத இன்னொரு சைலன்சராகக் கருதப்படும். பழுதானதை மாற்றுவது உரிமம் பெற்றவர்களின் வேலை. ‘கரைப்பான் பிடிக்கும் குவளை’ என்ற பெயரில், சைலன்சராக மாற்றக்கூடியபடி இணையத்தில் விற்கும் பொருட்களையும் இதற்காகத் தொடாதீர்கள்.

ரப்பர் தகடு கொண்ட பழைய மாதிரிகளுக்கும் இது பொருந்தும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இரகசியப் படையினர் பயன்படுத்திய வெல்ராட் கைத்துப்பாக்கியிலும், வியட்நாம் போரில் அமெரிக்கக் கடற்படை சீல் வீரர்கள் வைத்திருந்த ‘ஹஷ் பப்பி’ கைத்துப்பாக்கியிலும், குண்டு துளைத்துக்கொண்டு போகும் மென்தகடுகள் இருந்தன. மிக நன்றாக ஒலியை அடக்கும், ஆனால் சுடச் சுட ஓட்டை பெரிதாகிப் பயனிழக்கும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இராணுவத்துக்கு அது சரி. அந்த வகைப் பொதுமக்கள் சைலன்சர் ஒன்றை வாங்குபவர், தகடு தேய்ந்தபின் யார் மாற்றித் தருவார் என்பதை வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2026 மார்ச் 3, இரவு 10.10

சைலன்சர் வாங்கலாமா என்று சென்னையிலிருந்து கேட்ட தம்பிக்கு: இந்தியாவில் இது தனிநபர் வைத்துக்கொள்ளக்கூடிய பொருளே அல்ல. துப்பாக்கி உரிமம் இருந்தாலும், ஒலியைக் குறைக்கும் துணைக்கருவி ஆயுத விதிகளின்படி தடைசெய்யப்பட்ட வகையில் வருகிறது. பின்லாந்திலும் நார்வேயிலும் வேட்டைக்காரர்கள் காதைக் காக்கும் சாதாரணக் கருவியாக இதைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை வைத்து ஊரில் யாரிடமும் விசாரிக்கப் போகாதீர்கள்.

2026 மார்ச் 15, மதியம் 12.20

தயாரிப்பாளர் பார்த்து, அந்த வெட்டு ஆழமில்லை, சுடலாம் என்று சொல்லிவிட்டாராம். கேள்வி கேட்டவர் நேற்றுச் சுட்டும் பார்த்திருக்கிறார். குண்டு தாளில் வட்டமாகத்தான் துளையிட்டிருக்கிறது, பக்கவாட்டில் பட்ட நீள்துளை எதுவும் இல்லை. முதல் குண்டு மட்டும் மற்றவற்றைவிடச் சத்தமாகக் கேட்டது, ஏதாவது தவறா என்கிறார்.

தவறில்லை. சுடாமல் இருக்கும் சைலன்சருக்குள் சாதாரணக் காற்று இருக்கிறது. அதிலுள்ள ஆக்சிஜனோடு கலந்து எரியாத வெடிமருந்து வாயு உள்ளேயே இன்னொரு முறை பற்றிக்கொள்கிறது. அடுத்த குண்டுக்குள் அந்த ஆக்சிஜன் தீர்ந்துவிடும். இடைவெளி விட்டுச் சுட்டால் மறுபடி கேட்கும். சைலன்சர் இல்லாத .22 ரைஃபிள் 140 டெசிபல் அளவில் ஒலிக்கும். சைலன்சரோடும் ஒலியின் வேகத்தைவிடக் குறைந்த வேகத் தோட்டாவோடும் அது 115ஐ ஒட்டி வரலாம். வேகமான தோட்டா போட்டால் குண்டே காற்றில் எழுப்பும் ‘படார்’ ஒலியை எந்தச் சைலன்சராலும் அடக்க முடியாது. காதுக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.

அடுத்த சுத்தம் எப்போது என்பதற்குப் பொதுவாகச் சொல்லும் அளவு 250 முதல் 500 தோட்டா. இவ்வளவு பழைய அலுமினிய அடுக்கு என்பதால் 250ஐ வைத்துக்கொள்ளுங்கள். கரி இறுகும் முன்பே கழற்றினால் மரக்கட்டையும் சுத்தியும் தேவைப்படாது. இப்போது சுத்தமாக இருக்கும்போதே சைலன்சரை நிறுத்து, அந்த எடையைப் படிவம் 4இன் நகலோடு சேர்த்து எழுதி வையுங்கள்.